ஹவானா சுகர் கிங்ஸ்: புரட்சி மட்டுமே காரணமா?

ஹவானா சுகர் கிங்ஸ் என்ற பேஸ்பால் அணியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு துப்பாக்கிக் குண்டிலிருந்து தொடங்குவார்கள். 1959 ஜூலை 26 அதிகாலை, ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது இரண்டு பேர் மேல் குண்டு பட்டது. அடுத்த வருடம் அணி கியூபாவை விட்டே போய்விட்டது. ஆக, புரட்சி ஒரு பேஸ்பால் அணியைக் கொன்றது. சொல்ல வசதியான கதை, பெரிய பொய்யும் இல்லை. ஆனால் அந்தக் குண்டுக்கு முன்பே அணியின் கல்லாப்பெட்டி காலியாகிக்கொண்டிருந்தது. அணியின் கடைசி நல்ல வருடத்தை அதற்குக் கொடுத்ததே புரட்சிதான் என்றும் வாதாட முடியும். அதனால் நான் கல்லாப்பெட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் மைனர் லீக் என்றால் என்ன என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். அமெரிக்க பேஸ்பாலில் உச்சியில் இருப்பது மேஜர் லீக். 1950-களில் அதில் மொத்தமே 16 அணிகள். அதற்குக் கீழே படிப்படியாக மைனர் லீக்குகள்: மேலேயிருந்து டிரிபிள் ஏ, டபுள் ஏ, அப்புறம் ஏ, பி, சி என்று இறங்கும். மைனர் லீக் அணி ஒன்று பெரும்பாலும் ஏதாவது ஒரு மேஜர் லீக் அணியோடு ஒப்பந்தம் போட்டிருக்கும். ஊர் அணிக்குப் பெரும்பாலும் முதலாளி ஒருவர் இருப்பார், டிக்கெட் விற்பவரும் அவரே. ஆனால் ஆட்டக்காரர்களில் பலர் மேலேயுள்ள அணியின் சொத்து. நன்றாக ஆடினால் மேலே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், சீசன் நடுவிலேயே. ரசிகர் எந்த ஆட்டக்காரர் மேல் ஆசை வைத்தாலும் அவர் அடுத்த மாதம் இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இந்த ஏற்பாட்டுக்குள் இருந்துகொண்டு ஒரு நாட்டின் பெருமையாக நிற்க முயன்ற அணிதான் சுகர் கிங்ஸ்.

கியூபாவுக்கு பேஸ்பால் புதிதல்ல. அமெரிக்காவில் படித்துத் திரும்பிய கியூபா இளைஞர்கள் 1860-களிலேயே பேட்டையும் பந்தையும் கொண்டுவந்துவிட்டார்கள். ஸ்பெயின் ஆட்சிக்காலத்தில் காளைச் சண்டை ஆட்சியாளர்களின் பொழுதுபோக்கு. அதற்கு முகம் திருப்பிக்கொண்டவர்களின் ஆட்டமாக பேஸ்பால் வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் குளிர்கால லீக் ஒன்று உச்சத்தில் இருந்தது. ஹவானா, அல்மெண்டாரஸ், சியன்ஃபுவேகோஸ், மரியானோ என நான்கு அணிகள். ஹவானா சிங்கங்களும் அல்மெண்டாரஸ் தேள்களும் மோதினால் குடும்பங்களே இரண்டாகப் பிரியும். மேஜர் லீக் ஆட்டக்காரர்களும், நிறவெறியால் மேஜர் லீக்கில் இடம் மறுக்கப்பட்ட கறுப்பின ஆட்டக்காரர்களும் குளிர்காலத்தில் அங்கே வந்து சேர்ந்து ஆடினார்கள். 1947-ல் கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன் அந்த நிறத்தடையை உடைத்து மேஜர் லீக்கில் நுழைவதற்கு முன்னால், அவரை எடுத்த புரூக்ளின் டாட்ஜர்ஸ் தன் பயிற்சி முகாமை ஹவானாவில்தான் வைத்தது. புளோரிடாவின் நிறப்பிரிவினையிலிருந்து தள்ளியிருக்கலாம் என்ற கணக்கு.

இந்தச் சூழலில் வருகிறார் ராபர்ட்டோ மதுரோ. எல்லோருக்கும் பாபி மதுரோ. (வெனிசுவேலா மதுரோ வேறு, இவர் வேறு.) வசதியான குடும்பத்துப் பிள்ளை, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1946 அக்டோபரில் ஹவானாவின் எல் செரோ பகுதியில் கிரான் ஸ்டேடியம் திறக்கப்பட்டது. அதைக் கட்டிய கூட்டாளிகளில் இவரும் ஒருவர். சியன்ஃபுவேகோஸ் குளிர்கால அணியிலும் பங்கு வைத்திருந்தார். மைதானம் கையில் இருக்கிறது, குளிர்காலத்தில் நிரம்புகிறது. கோடையில் என்ன செய்வது?

கோடையில் ஏற்கெனவே ஓர் அணி இருந்தது. ஹவானா கியூபன்ஸ் என்று பெயர். 1946-ல் தொடங்கிய புளோரிடா இன்டர்நேஷனல் லீக்கில் ஆடியது. அதன் பின்னால் இருந்தது வாஷிங்டன் செனட்டர்ஸ் அணியும் அதன் முதலாளி கிளார்க் கிரிஃபித்தும். கிரிஃபித்தின் ஆள் ஜோ கேம்ப்ரியா கியூபா முழுக்கச் சுற்றி, குறைந்த சம்பளத்துக்கு இளைஞர்களைப் பிடித்து வாஷிங்டனுக்கு அனுப்புவார். ஃபிடல் காஸ்ட்ரோவையும் இவர் பார்த்து வேண்டாமென்று விட்டார், எடுத்திருந்தால் வரலாறே மாறியிருக்கும் என்றொரு கதை இன்றும் சுற்றுகிறது. அது வெறும் கட்டுக்கதை. காஸ்ட்ரோ ஆர்வமாக ஆடுவார். தொழில்முறை ஆட்டக்காரராகும் தரத்தில் இருந்ததற்கு ஆதாரம் எதுவும் கிடையாது.

1953-ல் மதுரோ ஹவானா கியூபன்ஸை விலைக்கு வாங்கினார். அவருடைய கண் அந்தச் சின்ன லீக்கில் இல்லை. 1954 சீசனுக்கு முன்னால் இன்டர்நேஷனல் லீக்கில் இரண்டு இடங்கள் காலியாயின. பால்டிமோர் மேஜர் லீக்குக்கு ஏறிப்போனது, ஸ்பிரிங்ஃபீல்டு விலகியது. ஓர் இடத்தை வர்ஜீனியாவின் ரிச்மண்ட் பிடித்தது, இன்னொன்றை மதுரோ பிடித்தார். ஹவானா சுகர் கிங்ஸ் என்ற டிரிபிள் ஏ அணி அப்படிப் பிறந்தது. மேஜர் லீக்குக்கு நேர் கீழே இருக்கும் படி. அணியின் முழக்கம், 'இன்னும் ஒரே அடி, வந்துவிட்டோம்' என்பது. எங்கே வருவதாகச் சொல்கிறார்கள் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இருந்தது. அரை நூற்றாண்டு அசையாமல் கிடந்த மேஜர் லீக் வரைபடம் 1953-ல்தான் அசையத் தொடங்கியது. பாஸ்டனின் ஓர் அணி மில்வாக்கிக்குப் போனது, அடுத்த வருடம் பால்டிமோர், அதற்கடுத்து கன்சாஸ் சிட்டி, 1958-ல் இரண்டு நியூயார்க் அணிகள் ஒரேயடியாக கலிஃபோர்னியாவுக்கு. விமானங்கள் வந்துவிட்ட காலத்தில் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போக முடிந்தால் ஹவானாவுக்கு ஏன் முடியாது? தூரம் அதைவிடக் குறைவுதான்.

முதல் வருடம் கூட்டம் வந்தது. கிட்டத்தட்ட 3 லட்சம் பேர். டிரிபிள் ஏ அணிக்கு அது நல்ல எண்ணிக்கை. அப்புறம் குறையத் தொடங்கியது, வருடா வருடம்.

ஏன் குறைந்தது என்பதுதான் இந்த அணியின் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி. முதல் காரணம் மேலே சொன்ன குளிர்கால லீக். ஹவானா ரசிகரின் இதயம் ஏற்கெனவே வேறு இடத்தில் அடகு வைக்கப்பட்டிருந்தது. தேள்களா சிங்கங்களா என்று பரம்பரையாகச் சண்டை போட்டவர்களுக்கு, ரோசெஸ்டருக்கும் பஃபலோவுக்கும் எதிரான ஆட்டத்தில் எந்தப் பழைய பகையும் இல்லை. அந்த ஊர்கள் எங்கே இருக்கின்றன என்றே பலருக்குத் தெரிந்திருக்காது. சீசனும் கோடையில், ஹவானாவின் புழுக்கமும் மழையும் சேர்ந்த மாதங்களில். இரண்டாவது, 1955 முதல் அணி சின்சினாட்டி ரெட்ஸோடு இணைந்தது. கியூபா ஆட்டக்காரர்கள் நிறைய இருந்தாலும், நல்லவர்களை ரெட்ஸ் எடுத்துக்கொண்டுவிடும். குளிர்காலத்தில் மேஜர் லீக் நட்சத்திரங்களைப் பார்த்துப் பழகிய ரசிகருக்குக் கோடையில் காட்டப்படுவது மாடிப்படியில் நிற்கிறவர்களை.

மூன்றாவது பயணச் செலவு. லீக்கின் மற்ற ஊர்கள் பலவும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவிலும் இருந்தன. மாண்ட்ரியால், டொராண்டோ, ரோசெஸ்டர் எல்லாம் ஹவானாவிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். மற்ற அணிகள் தங்களுக்குள் ரயிலில் போய்வந்துவிடலாம். ஹவானாவுக்கு விமானம் தவிர வழியில்லை. 1956-ல் மயாமியிலும் ஓர் அணி வந்தபோது பயணத்தை இரண்டு ஊராகப் பங்கு போட முடிந்தது. ஆனால் மயாமியும் தள்ளாடிக்கொண்டுதான் இருந்தது. 1960 சீசனோடு அதுவும் இடம் பெயர்ந்தது: 1961-ல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானுக்குப் போய், அங்கும் ஒப்பேறாமல் சீசன் நடுவிலேயே மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டனுக்குத் திரும்பியது. மயாமியிலும் சான் ஹுவானிலும் எந்தப் புரட்சியும் நடக்கவில்லை.

ஹவானாவிலோ நடந்துகொண்டிருந்தது. 1957, 58-ல் குண்டுவெடிப்பு, கைது, ஊரடங்கு என்று நகரம் பதற்றத்தில் இருந்தது. 1958 பிப்ரவரியில் உலகக் கார் பந்தய சாம்பியன் ஹுவான் மனுவேல் ஃபாஞ்சியோவை ஹவானா ஓட்டலிலிருந்தே காஸ்ட்ரோவின் ஜூலை 26 இயக்கத்தினர் கடத்திக்கொண்டு போனார்கள். நல்லபடியாக நடத்தி விட்டும் விட்டார்கள், ஆனால் விளையாட்டு வீரர்களுக்கு அது என்ன சேதி சொல்லும்? அந்த வசந்தத்தில் ஹவானாவுக்கு வர மற்ற அணிகள் தயங்கின. லீக் தலைவர் ஃபிராங்க் ஷாக்னெசி பிடிவாதமாக அட்டவணையை நடத்தினார். இதே மனிதர் பின்னால் எடுக்கப்போகும் முடிவை வைத்து இவரைக் கியூபா விரோதி என்று சொல்லிவிட முடியாது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

1959 ஜனவரி 1. கியூபாவின் சர்வாதிகாரி பாட்டிஸ்டா ஓடிப்போனார். ஒரு வாரத்தில் காஸ்ட்ரோ ஹவானாவுக்குள் வந்தார். அந்த வருட சுகர் கிங்ஸ் அணிக்கு மேனேஜர் பிரெஸ்டன் கோமஸ். மைக் குயெல்லார், லியோ கார்டெனாஸ், குக்கி ரோஹாஸ், எலியோ சாக்கோன், டோனி கொன்சாலஸ், லூயிஸ் அரோயோ. பேஸ்பால் தெரிந்தவர்களுக்கு இந்தப் பட்டியலே போதும். தெரியாதவர்களுக்கு, இவர்கள் அத்தனை பேரும் மேஜர் லீக்கில் பெயர் வாங்கியவர்கள். குயெல்லார் 1969-ல் சிறந்த பிட்சருக்கான (பந்து வீசுபவருக்கான) சை யங் விருதைப் பகிர்ந்துகொண்டார். போர்ட்டோ ரிக்கோக்காரரான அரோயோ 1961 நியூயார்க் யாங்கீஸ் அணியில் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தை முடித்துவைக்கும் பிட்சராக 29 ஆட்டங்களைக் காப்பாற்றிக் கொடுத்தார்.

புதிய ஆட்சி அணியை வெறுத்தது என்று நினைத்தால் தப்பு. அப்படியே நேர்மாறு. அணி கடனில் மூழ்குகிறது என்ற பேச்சு வந்தபோது, எப்படியாவது அது ஹவானாவிலேயே இருக்க வேண்டும் என்று காஸ்ட்ரோ வெளிப்படையாகச் சொன்னார். ஜூலை 24 அன்று ரோசெஸ்டருக்கு எதிரான ஆட்டத்துக்கு முன்னால் ஒரு காட்சி ஆட்டம் ஏற்பாடானது. ராணுவப் போலீஸ் அணிக்கு எதிராக 'பார்புடோஸ்', அதாவது தாடிக்காரர்கள் அணி. பிட்சர் காஸ்ட்ரோ. எதிரணிக்கு ஆடுவதாக இருந்த புரட்சித் தளபதி கமிலோ சியன்ஃபுவேகோஸ், பேஸ்பாலில்கூட ஃபிடலுக்கு எதிராக நிற்க மாட்டேன் என்று சொல்லி இந்தப் பக்கமே வந்து, வீசும் பந்தைப் பிடிக்கும் கேட்சராக உட்கார்ந்தார். காஸ்ட்ரோ இரண்டு பேரை அவுட் செய்தார். அம்பயரின் தாராள மனசுக்கும் அதில் பங்கு உண்டு. காஸ்ட்ரோ பேஸ்பால் சட்டையில் பந்து வீசும் அந்தப் புகைப்படங்கள்தான் பின்னாளில் 'மேஜர் லீக் தவறவிட்ட பிட்சர்' கதைக்குத் தீனி போட்டன.

அடுத்த இரவுதான் அந்தக் குண்டு. ஜூலை 26 என்பது 1953-ல் காஸ்ட்ரோவின் ஆட்கள் மொங்காடா ராணுவ முகாமைத் தாக்கிய நாள். புரட்சி வென்ற பிறகு வரும் முதல் ஆண்டு விழா. ஜூலை 25 இரவு ஆட்டம் நீண்டுகொண்டே போய் நள்ளிரவைத் தொட்டது. பன்னிரண்டு அடித்ததும் ஆட்டத்தை நிறுத்தி, விளக்குகளை அணைத்து, கீதம் இசைத்தார்கள். மைதானத்துக்கு உள்ளேயும் வெளியேயும் இருந்தவர்கள் வானத்தை நோக்கிச் சுடத் தொடங்கினார்கள். ஆத்திரத்தில் அல்ல, கொண்டாட்டத்தில். சுட்ட குண்டு மேலே போனால் கீழே வந்துதானே ஆக வேண்டும்.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. 11-வது இன்னிங்ஸில் (வழக்கமாக ஒன்பதுதான்) ரோசெஸ்டர் முந்தியது, ஹவானா சமன் செய்தது. ஹவானாவின் ஜெஸ்ஸி கோண்டர் டபுள் (இரண்டாம் பேஸ் வரை ஓடவைக்கும் அடி) அடித்து ஓடியபோது, வழியில் மிதிக்க வேண்டிய முதல் பேஸை மிதிக்கவேயில்லை என்று ரோசெஸ்டர் மேனேஜர் காட் டீல் அம்பயரிடம் சண்டைக்குப் போனார். அம்பயர் அவரை வெளியே அனுப்பிவிட்டார். அடுத்த இன்னிங்ஸில் மூன்றாம் பேஸ் அருகே கோச்சாகப் போய் நின்றவர் ஃபிராங்க் வெர்டி. அந்த நாளில் சில ஆட்டக்காரர்கள் ஹெல்மெட்டுக்குப் பதிலாகத் தொப்பிக்குள் ஒரு பிளாஸ்டிக் பட்டை வைத்துக்கொள்வார்கள். வெர்டியின் தொப்பியில் அது இருந்தது. விழுந்த குண்டு அதில் பட்டு வழுக்கிப்போனது. அவர் கீழே விழுந்தாலும் உயிர் தப்பினார். கிட்டத்தட்ட அதே நேரத்தில் ஹவானாவின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) கார்டெனாஸின் தோளை இன்னொரு குண்டு உரசியது. தலைமை அம்பயர் ஃபிராங்க் குஸ்ஸெட்டா 4-4 என்ற கணக்கில் ஆட்டத்தை நிறுத்தினார். டீல் வெளியேற்றப்படாமல் இருந்திருந்தால் அந்த இடத்தில் அவர் நின்றிருப்பார், அவர் தொப்பியில் பட்டை வைக்கும் வழக்கம் இல்லாதவர்.

ரோசெஸ்டர் மறுநாள் ஆட மறுத்து ஊர் திரும்பியது. கியூபாவின் விளையாட்டுத் துறைத் தலைவர் ஃபெலிப்பே குவெர்ரா மத்தோஸ் மன்னிப்புக் கேட்டுத் தந்தி அடித்தார். குண்டு வேண்டுமென்றே சுடப்பட்டது என்று அப்போதும் யாரும் சொல்லவில்லை. ஆனால் அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த தலைப்புச் செய்திகளை எந்தத் தந்தியும் அழிக்கவில்லை. சீசன் முடியும்வரை மற்ற அணிகள் முணுமுணுத்துக்கொண்டே வந்து ஆடின.

பிறகு நடந்தது யாரும் எதிர்பார்க்காதது. 80 வெற்றி, 73 தோல்வியோடு மூன்றாம் இடத்தில் சீசனை முடித்த சுகர் கிங்ஸ், பிளே-ஆஃப்பில் கொலம்பஸை நான்கே ஆட்டத்தில் சுருட்டியது. ரிச்மண்டை வென்று லீக் கோப்பையையும் எடுத்தது. அடுத்து ஜூனியர் வேர்ல்ட் சீரிஸ்: இன்டர்நேஷனல் லீக் சாம்பியனும் அமெரிக்கன் அசோசியேஷன் சாம்பியனும் மோதும் ஏழு ஆட்டத் தொடர். எதிரே மினியாபொலிஸ் மில்லர்ஸ். பாஸ்டன் ரெட் சாக்ஸின் பிள்ளை அணி, மேனேஜர் ஜீன் மாக். ஆட்டக்காரர்களில் ஒருவர், சீசன் கடைசியில் வந்து சேர்ந்த கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி என்ற இளைஞர். பின்னாளில் புகழ் மண்டபத்தில் இடம்பிடித்தவர்.

மின்னசோட்டாவில் செப்டம்பர் கடைசி. உறைய வைக்கும் குளிர். ஹவானாப் பையன்கள் குப்பைத் தொட்டியில் நெருப்பு மூட்டிக் கைகளைச் சூடாக்கிக்கொண்டார்கள் என்பார்கள். முதல் ஆட்டத்துக்கு வந்தவர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு, இரண்டாவதற்கு அதில் பாதிகூட இல்லை. ஆளுக்கொரு வெற்றி. மூன்றாவது ஆட்டம் குளிரால் நடக்காமல்போகவே, மீதித் தொடர் முழுவதையும் ஹவானாவிலேயே நடத்திவிடுவது என்று முடிவானது.

கிரான் ஸ்டேடியத்தில் ஐந்து ஆட்டங்கள், மொத்தம் ஒரு லட்சம் பேருக்கு மேல் கூட்டம். மதுரோ ஐந்து வருடமாகக் கனவு கண்ட கூட்டம். காஸ்ட்ரோ முதல் பந்தை வீசித் தொடங்கிவைத்தார், ஆட்டங்களுக்கு வந்தும் உட்கார்ந்தார். மைதானத்தைச் சுற்றிலும் துப்பாக்கியோடு சிப்பாய்கள், சிலர் ஆட்டக்காரர்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே. மில்லர்ஸ் ஆட்டக்காரர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இருந்தும் அவர்கள் பயந்து தோற்றார்கள் என்று சொல்வது நியாயமில்லை. மூன்றுக்கு ஒன்று என்று பின்தங்கியிருந்து, அத்தனை துப்பாக்கிகளுக்கு நடுவே அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களை வென்று சமன் செய்த அணி அது. அக்டோபர் 6-ல் ஏழாவது ஆட்டம். 2-0 என்று மில்லர்ஸ் முன்னிலை. எட்டாவது இன்னிங்ஸில் ஹவானா சமன் செய்தது. ஒன்பதாவதில் டேனி மொரெஹோன் அடித்த அடியில் வெற்றி ரன் ஓடி வந்தது. 3-2.

மைனர் லீக்கில் அதற்கு மேல் வெல்ல ஒன்றும் இல்லை. இந்த வெற்றிக்குப் பின் ஹவானாவில் சுகர் கிங்ஸ் ஆடிய காலம் ஒன்பது மாதம், அதிலும் குளிர்காலம் போக மிச்சம் மூன்றே மாதம்.

அந்தத் தொடரைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது: கூட்டம் வந்தது பேஸ்பாலுக்காக மட்டும் அல்ல. புதிதாகப் பிறந்த ஒரு நாடு அமெரிக்க அணி ஒன்றை அடிப்பதைப் பார்க்க வந்தார்கள். அதை மதுரோவின் வியாபாரத்துக்குக் கிடைத்த ரசிகர் படை என்று கணக்கு எழுத முடியாது. 1960 ஏப்ரலில் சீசன் தொடங்கியபோது அது தெரிந்துவிட்டது. நட்சத்திரங்கள் சிலர் சின்சினாட்டிக்கு ஏறிப்போயிருந்தார்கள். மறுபடி பஃபலோ, மறுபடி ரோசெஸ்டர். கூட்டம் மறுபடி கரைந்தது.

வெளியே விஷயங்கள் வேகமாக நடந்தன. சோவியத் எண்ணெயைச் சுத்திகரிக்க மறுத்த அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களின் ஆலைகளை ஜூன் கடைசியிலும் ஜூலை தொடக்கத்திலும் கியூபா எடுத்துக்கொண்டது. ஜூலை 6 அன்று அமெரிக்க அதிபர் ஐசனோவர், அந்த வருடம் கியூபாவிடமிருந்து வாங்க வேண்டிய மிச்சச் சர்க்கரை ஒதுக்கீட்டை வெட்டினார். சுமார் 7 லட்சம் டன். கியூபாவின் பொருளாதாரமே சர்க்கரையில் நின்றது, அணியின் பெயரே சர்க்கரையில் இருந்தது. இரண்டே நாளில், ஜூலை 8 அன்று, ஆட்டக்காரர்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, அணியை நியூஜெர்சியின் ஜெர்சி சிட்டிக்கு மாற்றுவதாக ஷாக்னெசி அறிவித்தார். மேஜர் லீக் கமிஷனர் ஃபோர்டு ஃபிரிக்கின் ஆதரவும் அதற்கு இருந்தது. வாஷிங்டனிலிருந்து அழுத்தம் வந்தது என்றும் அப்போதே பரவலாகப் பேசப்பட்டது.

அணி அப்போது ஊரிலேயே இல்லை, அமெரிக்கப் பயணத்தில் இருந்தது. பெட்டியோடு வெளியூர் போனவர்களிடம் உங்கள் சொந்த மைதானம் இனி அங்கே இல்லை என்றார்கள். மேனேஜர் டோனி கஸ்தாஞ்ஞோ புது ஊருக்குப் போக மறுத்துக் கியூபா திரும்பினார். அவர் இடத்துக்கு முன்னாள் மேனேஜர் நாப் ரெயஸ் வந்தார். ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அணியோடு போனார்கள். ஒப்பந்தம் அங்கே, மேஜர் லீக் கனவும் அங்கே. காஸ்ட்ரோ இது விளையாட்டு தர்மத்துக்கே விரோதம் என்று சாடினார். மதுரோவும் இந்த முடிவை எதிர்த்தார். இரண்டு நாட்டு மக்களுக்கும் இடையே மிஞ்சியிருக்கும் ஒரு பாலத்தை நாமே ஏன் இடிக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. காஸ்ட்ரோ ஆட்சியில் சொத்தை இழக்கப்போகும் பணக்காரரும் காஸ்ட்ரோவும் ஒரே பக்கம் நின்ற அபூர்வமான விஷயம் இது.

லீக்கின் முடிவு தவறா? அன்றைய சூழலில் அடுத்த வருடம் அணி அங்கே ஆடியிருக்கவே முடியாது என்பது உறுதி. 1961 ஜனவரியில் இரு நாடுகளும் தூதரக உறவை முறித்துக்கொண்டன, ஏப்ரலில் அமெரிக்க ஆதரவோடு நடந்த பன்றிகள் விரிகுடா படையெடுப்பு. ஆனால் ஜூலை நடுவில், சீசன் பாதியில் தூக்கியதற்குப் பாதுகாப்பு மட்டும்தான் காரணம் என்பதை நான் நம்பவில்லை. 1958-ல் வெடிகுண்டுகளுக்கு நடுவே அட்டவணையை நடத்திய அதே லீக் இது. கூட்டம் நிரம்பும் அணியாக இருந்திருந்தால் செப்டம்பர் வரை பொறுத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். வருமானமும் இல்லை, தலைவலியும் உண்டு என்றால் யார் பொறுப்பார்கள்?

ஜெர்சி சிட்டியில் அணியின் பெயர் ஜெர்சீஸ். ஆடியது ரூஸ்வெல்ட் ஸ்டேடியத்தில். 1946-ல் ஜாக்கி ராபின்சன் மாண்ட்ரியால் அணிக்காகத் தன் முதல் ஆட்டத்தை ஆடிய இடம். பெருமை இருந்தது, ரசிகர்கள் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் யாங்கீஸ் இருக்கும்போது ஹவானாவிலிருந்து வந்த ஸ்பானிஷ் பேசும் அணியை யார் போய்ப் பார்ப்பார்கள்? 1961 சீசனோடு அதுவும் முடிந்தது. மதுரோ உரிமத்தை எடுத்துக்கொண்டு 1962-ல் புளோரிடாவின் ஜாக்சன்வில்லுக்குப் போனார். பின்னால் அது கைமாறி, 1969-ல் வர்ஜீனியாவுக்குப் போனது. இன்று அங்கே ஆடும் நார்ஃபோக் டைட்ஸ் அந்த வழியில் வந்த அணி.

கியூபாவில் 1960-61 தான் குளிர்கால லீக்கின் கடைசி சீசன். தொழில்முறை விளையாட்டு தடை செய்யப்பட்டு, 1962 ஜனவரியில் அமெச்சூர் தேசியத் தொடர் தொடங்கியது. கிரான் ஸ்டேடியம் லத்தீன் அமெரிக்க ஸ்டேடியம் என்று பெயர் மாறி, பின்னால் பெரிதாக்கப்பட்டது. 1999-ல் பால்டிமோர் ஓரியோல்ஸும் 2016-ல் டாம்பா பே ரேஸும் கியூபா தேசிய அணியோடு ஆடியது அங்கேதான். 2016 ஆட்டத்தை ஒபாமாவும் ராவுல் காஸ்ட்ரோவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

1959-ல் தோற்ற மில்லர்ஸ் என்ன ஆனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களும் 1960-க்குப் பிறகு இல்லை. காரணம் வேறு: 1961-ல் வாஷிங்டன் செனட்டர்ஸ் அணியே மினியாபொலிஸுக்குக் குடிபெயர்ந்து மின்னசோட்டா ட்வின்ஸ் ஆனது. மேஜர் லீக் வந்த ஊரில் மைனர் லீக்குக்கு இடமில்லை. அந்த செனட்டர்ஸ், கேம்ப்ரியா கியூபாவில் ஆள் பிடித்த அதே செனட்டர்ஸ். கமிலோ பாஸ்குவல், சோய்லோ வெர்சாயெஸ், பிறகு டோனி ஒலிவா என்று கியூபா ஆட்டக்காரர்கள் மின்னசோட்டாவின் பனியில் போய் நட்சத்திரங்களானார்கள். ஹவானாவுக்கு வேண்டியிருந்த 'இன்னும் ஒரே அடி' மினியாபொலிஸுக்குக் கிடைத்தது.

புரட்சியே வராமல் இருந்திருந்தால் ஹவானாவுக்கும் கிடைத்திருக்குமா? அமெரிக்காவுக்கு வெளியே மேஜர் லீக் முதன்முதலாகப் போனது 1969-ல், மாண்ட்ரியாலுக்கு. பக்கத்திலிருக்கும் மயாமிக்கே 1993 வரை கிடைக்கவில்லை. டிரிபிள் ஏ மைதானத்தையே நிரப்ப முடியாத ஊருக்கு அதற்கு முன்னால் கொடுத்திருப்பார்கள் என்று நம்ப எனக்கு வழி தெரியவில்லை.

மதுரோ நம்பினார். சொத்தையெல்லாம் விட்டு அமெரிக்கா வந்தவர், 1960-களின் நடுவிலிருந்து பேஸ்பால் கமிஷனர் அலுவலகத்தில் லத்தீன் அமெரிக்க விவகாரங்களைக் கவனித்தார். 1979-ல் மறுபடியும் ஆரம்பித்தார்: இன்டர்-அமெரிக்கன் லீக். மயாமி, சான் ஹுவான், சாண்டோ டொமிங்கோ, பனாமா, காரகாஸ், மராக்காய்போ என ஆறு ஊர்கள், டிரிபிள் ஏ தகுதி, மேஜர் லீக் தாய் அணி யாருக்கும் கிடையாது. மயாமி அமிகோஸ் அணியின் மேனேஜர் டேவி ஜான்சன், பின்னாளில் நியூயார்க் மெட்ஸை வேர்ல்ட் சீரிஸ் வெல்ல வைத்தவர். அந்த அணி 51 வெற்றி, 21 தோல்வி என்று எல்லோரையும் புரட்டியெடுத்தது. கடலும் எல்லைகளும் தாண்டிய விமானப் பயணம், விசா, மழை, காலியான இருக்கைகள், பணமில்லாத முதலாளிகள். ஏப்ரலில் தொடங்கிய லீக் ஜூன் 30 அன்று மூடப்பட்டது. இந்த முறை எங்கேயும் யாரும் சுடவில்லை.